நாற்பது மிஷினில் எஸ்தர் செத்த நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கண்ணுகளுக்கு,

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். அதுவும் வால்பாறையில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில், மழைக்கு லீவு விட்டது போக மீதி நாட்களில். எழுத்து கோணும். முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயும் வந்துவிடும். மறதியும் சேர்ந்துகொண்டது. பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வட்டார மேற்பார்வையாளர் அம்மா, "நீங்க பேச வேண்டாங்க, எழுதிக் குடுத்தாப் போதும்" என்று சொன்னதால்தான் ஒப்புக்கொண்டேன். உங்கள் முன்னால் நின்று பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் வந்திருக்கும்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்குகிறவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். ஆள் இருக்கிறார், இந்த இடத்தில் இருக்கிறார் என்று கைமிஷினில் பதிய வேண்டும். காலமானவர் பேரை எடுக்க வேண்டும். சொன்னால் ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள நான் பட்ட பாட்டையும், அதில் ஓர் உயிர் போய் வந்ததையும்தான் எழுதப்போகிறேன்.

பயிற்சி உக்கடத்தில், ஒரு மண்டபத்து மாடியில் ஐந்து நாள் நடந்தது. நாற்பது பெண்கள். எனக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. எட்டாவது படித்தவர்கள்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் மகளிர் குழுவிலிருந்து போக வேண்டிய பிள்ளைக்குப் பேறுகாலம் நெருங்கிவிட, ஆள் குறையக் கூடாதென்று என்னை அனுப்பிவிட்டார்கள். அங்கே யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டால் எழுந்து போய்விடலாம் என்று முதல் நாள் முழுக்க வாசலை ஒட்டிய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சொல்லிக்கொடுத்தவர் இன்ஜினியரிங் படித்த இளைஞர். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் வாய் போகிற வேகத்துக்கு என் கண் போகாது. "நெக்ஸ்ட் குடுங்க, ஓகே குடுங்க, பேக் வாங்க" என்பார். எங்களில் பாதிப் பேர் அப்போதுதான் மிஷினைத் திறந்திருப்போம். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. அதனால் பேரனுடைய ஸ்கெட்ச் பேனாக்களை எடுத்துப்போய், திரையில் தெரிவதை அப்படியே நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்தேன். பச்சைக் கட்டம் என்றால் சரி. சிவப்பு என்றால் வேண்டாம். வலது மூலையில் மூன்று புள்ளி. இரண்டு நாளில் பதினேழு பக்கம் வரைந்தேன். மூன்றாம் நாள் காலையில் திறந்தால், பச்சைக் கட்டம் நீலமாகி இடது பக்கம் போய்விட்டது.

"அப்டேட் வந்திருக்கும்மா" என்றார் அவர், ஏதோ தபால் வந்ததைச் சொல்கிற மாதிரி.

பதினேழு பக்கமும் வீண். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன். அங்கேதான் எஸ்தர் என்னிடம் முதன்முதலில் பேசினாள்.

"ஏனுங்க்கா, சாம்பார்ல உப்பு இல்லைன்னா அழுகறீங்க? எனக்கும்தான் இல்லீங்க. வாங்க, ரெண்டு பேரும் சேந்து அழுகலாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மதுக்கரைக்காரி. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். பெற்றவர்கள் பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர்கள். இவள் பத்தாவது வரை படித்தவள். லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த கணவர் இறந்தபின், ஒரு விடுதியில் சமையல் செய்து மகளை வளர்த்தாள். விதவை உதவித்தொகை வாங்குகிறவள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். மற்ற ஆறு நாளும் பார்க்கிறவர்களை எல்லாம் கேலி பேசுவாள். அன்றிலிருந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இங்கிலீஷில் வருவதை எனக்கு முணுமுணுப்பாள்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே என் மிஷின் அப்படியே நின்றுபோனது. பயிற்சி கொடுத்தவர் வாங்கி, அணைத்துத் திறந்து, "உங்க நம்பரைப் போட்டு உள்ள போயிக்கங்க" என்று கொடுத்துவிட்டார். எனக்கு இரண்டு நம்பர் கொடுத்திருந்தார்கள். ஒன்று பழகுவதற்கு. இன்னொன்று திங்கட்கிழமையிலிருந்து நிஜ வேலைக்கு. நோட்டில் ஒரே பக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்திருந்தேன். ஒன்றைப் போட்டேன். திறந்துகொண்டது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். எஸ்தர் மிஷினில் திரையின் தலைமாட்டில் மஞ்சளாக ஒரு பட்டை இருந்தது. இந்தப் பக்கத்துப் பெண்ணின் மிஷினிலும் இருந்தது. என்னுடையதில் இல்லை.

"எஸ்தர், உனக்கு மேல மஞ்சளா இருக்குதே, எனக்கு இல்லையே?"

"அவருகிட்டக் கேளுங்க்கா."

அன்று காலையிலேயே மூன்று தடவை சந்தேகம் கேட்டிருந்தேன். மூன்றாம் தடவை அவர் பெருமூச்சு விட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனாலும் கையைத் தூக்கினேன். அவர் என் பக்கம் திரும்பினார். தூக்கிய கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டேன். அவர் மறுபடி பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

கண்ணுகளே, இத்தனை வருஷ வேலையில் நான் செய்த பெரிய தப்பு அதுதான். விரலால் செய்தது அதற்கு அடுத்ததுதான்.

அன்றைய கடைசிப் பாடம் காலமானவரைப் பதிவது. "லிஸ்ட்ல யாராச்சும் ஒருத்தர் பேரை எடுத்து, இறந்தவர்னு அழுத்துங்க. இது சும்மா பழகறதுக்குத்தான்" என்றார். நாற்பது பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டோம்.

"ஏன், யாரும் போடலையா?"

கிணத்துக்கடவுப் பக்கத்து அம்மா ஒருத்தர் எழுந்தார். "ஏனுங்க சார், இதுல இருக்கறவங்கெல்லாம் உசுரோட இருக்கறவங்க. வெள்ளிக்கெழமையும் அதுவுமா அவங்களை எப்படிங்க செத்துட்டாங்கன்னு போடறது?"

"சரி, செத்துப்போனவங்க பேரையே போடுங்க."

"அவங்க பேரத்தான் ஏற்கெனவே எடுத்துப்போட்டாங்களேங்க."

"அம்மா, இது நெசம் இல்லை. விளையாட்டு மாதிரி."

பின்னால் இருந்து ஒரு குரல்: "அப்படின்னா உங்க பேரைச் சேத்துக் குடுங்க சார், நாங்க போட்டுப் பழகிக்கறமுங்க."

மண்டபமே சிரித்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நாளாக எங்களோடு அவரும் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எஸ்தருக்கும் அவரைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. எழுந்து நின்றாள்.

"என் பேரு லிஸ்ட்ல இருக்குதுங்க. மதுக்கரை, எஸ்தர். போட்டுக்கங்க எல்லாரும். எங்களுக்கென்னங்க, மூணாம் நாள் எந்திரிச்சுக்குவோம்."

அன்றைக்கு எஸ்தர் நாற்பது மிஷினில் செத்தாள். 'உறுதியா?' என்று மிஷின் இரண்டு தடவை கேட்டது. இரண்டு தடவையும் அழுத்தினேன். முடிந்ததும் ஆளாளுக்கு வந்து அவள் கையைத் தொட்டு, நூறு வயசு இருப்பே என்று சொன்னார்கள். ஒருத்தி பையிலிருந்து தேன்மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். அவளும் கல்யாணப் பெண் மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றாள்.

முப்பத்தொன்பது சாவு அன்று சாயங்காலம் மிஷினை அணைத்ததோடு அழிந்துபோனது. ஒன்று மட்டும் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. அது எனக்குத் தெரியாது.

வேலை தொடங்கிய பிறகு மிஷின் மேல் இருந்த பயம் குறைந்து, வேறொன்று வந்தது. அதற்குச் சரியான பேர் எனக்குத் தெரியவில்லை. சந்நிதியில் திரை விலகும்போது வருமே, அது மாதிரி. வால்பாறைக்கு ஆள் இல்லையென்று ஒரு வாரம் என்னை அனுப்பினார்கள். பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போதெல்லாம் மிஷினை மடியில் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டேன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடு ஒன்றில் ஒரு பெரியவர் பனியனும் இல்லாமல் படுக்கையில் இருந்தார். முகத்துக்கு நேரே மிஷினைப் பிடித்து, கண்ணைச் சிமிட்டச் சொன்னேன். ஆள் உயிரோடு இருப்பதற்கு மிஷினுக்கு அதுதான் அடையாளம். சிமிட்டினார். 'பதிவு முடிந்தது' என்று மிஷின் பேசியது.

"ஆரு ஆத்தா பேசறது?"

"கவர்மெண்டுங்க ஐயா."

அவர் தலைமாட்டில் இருந்த துண்டைத் தடவி எடுத்து மார்பு மேல் போர்த்திக்கொண்டார். "மொதல்லயே சொல்லக் கூடாதா? வெறும் ஒடம்போட கெடக்கறனே."

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இந்தக் கையளவு சாமானுக்குள்ளே அவ்வளவு பெரிய ஒன்று வந்து உட்கார்ந்து, மலை மேல் கிடக்கிற ஒரு மனிதர் கண் சிமிட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகிறதே! அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது நான். ஐந்தாவது படித்த நான்.

பயிற்சி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை எஸ்தர் போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"மயிலக்கா, நான் செத்துப்போயிட்டனாமுங்க."

"என்ன எஸ்தர் பேச்சு இது?"

"நெசமாத்தானுங்க. ரெண்டு மாசமா உதவித்தொகை வரலைங்க, எப்பவும் போலத் தாமதம்னு இருந்துட்டனுங்க. ஆஸ்பத்திரியில காப்பீட்டு அட்டையக் குடுத்தா, அந்தப் புள்ள கம்ப்யூட்டரைப் பாக்குது, என்னையப் பாக்குது. 'இந்த அட்டையில இருக்கறவங்க இறந்துட்டாங்க, நீங்க யாரு?'ங்குது. அவங்க ஆவின்னு சொன்னனுங்க. பாவம், பயந்துருச்சு."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. போனை வாங்கி அவள் மகள் பேசினாள். இருதயத்தில் வால்வு சுருங்கிவிட்டது. வியாழக்கிழமைக்கு ஆபரேஷன் வைத்திருக்கிறார்கள். புதன் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அட்டை சரியாகாவிட்டால் அந்த நாள் வேறொருவருக்குப் போய்விடும். தள்ளிப்போட்டால் தாங்காது என்று டாக்டர் மகளிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். கையிலிருந்து கட்டி வைத்தியம் பார்க்கிற குடும்பம் இல்லை அது.

"பெரியம்மா, நீங்க அந்த ஆபீசுக்குப் போய்வர்றவங்கதானுங்களே, என்னன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று அழுதாள்.

உடனே தாலுகா ஆபீசுக்குப் போனேன். கணினியில் உட்கார்ந்திருந்த எழுத்தர் பேரைத் தட்டிப் பார்த்தார். உதவித்தொகைப் பட்டியலில் இறந்தவர் என்று விழுந்தால் குடும்ப அட்டையில் பேர் போய்விடுமாம். குடும்ப அட்டையில் போனால் காப்பீட்டில் போய்விடுமாம். எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது.

"நம்ம ஆளுதான் யாரோ போட்டிருக்காங்கம்மா. ஐடி முப்பத்தொண்ணு. தேதியப் பாருங்க, வேலையே ஆரம்பிக்கல, அதுக்குள்ள சாவு போட்டிருக்கு. யாரு முப்பத்தொண்ணு? தெரியுமா?"

முப்பத்தொன்று, நிஜ வேலைக்கு எனக்குக் கொடுத்த நம்பர்.

திரையில் இல்லாத அந்த மஞ்சள் பட்டை கண் முன்னால் வந்தது. "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இந்தத் தடவை தெரிந்தே செய்தேன்.

மறுநாள் புதன். காலையில் மிஷினைத் துடைத்து, அதன் ஒயரைச் சுற்றி, ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விடுவது என்று முடிவு. எனக்குத் தகுதியில்லாத வேலை, அதனால்தான் இப்படி ஆயிற்று என்று என் மனதுக்குள் ஒரே பேச்சு. என்ன நடந்தது என்பதை யாரிடமும் சொல்கிற எண்ணம் இல்லை. எஸ்தருக்கு என்ன வழி என்று யோசித்தேனா என்றால், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், இல்லை. ஓடிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இருந்தது.

அப்போது இருந்த தாசில்தார் அம்மாவுக்கு என் மூத்த மகள் வயசு இருக்கும். காத்திருந்து அவர் அறைக்குள் போக மத்தியானம் ஆகிவிட்டது. மேஜையில் பையை வைத்தேன்.

"என்னம்மா இது?"

"மிஷினுங்க. குடுத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"ஏன்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்த்தபடி சும்மா இருந்தார். கேள்வி கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் சும்மா இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, தலைமுடி, நாற்பது சாவு, வால்வு, ஐந்து மணி, நேற்று சொன்ன பொய் வரைக்கும்.

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் எழுத்தரைக் கூப்பிட்டார்.

"இதைத் திருத்த என்ன வழி?"

"கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை, அப்புறம் வருவாய் ஆய்வாளர், அப்புறம் நம்ம கோப்பு, அப்புறம் சென்னை. ரெண்டு மாசம் ஆகும் மேடம். இல்லைன்னா அந்தம்மாவைப் புதுசா ஒரு மனு போடச் சொல்லலாம், பேரைக் கொஞ்சம் மாத்தி."

"உயிரோட இருக்கறவங்களை வேற ஆளா மாத்தச் சொல்றீங்களா? வேற வழி?"

எழுத்தர் விதிமுறைகள் அச்சிட்ட ஒரு தாள்கட்டை எடுத்து வந்தார். தாசில்தார் அம்மா விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. பதிந்த ஆளே, அதே ஐடியில், சம்பந்தப்பட்டவரை நேரில் பார்த்துப் பதிவைத் திரும்ப எடுக்கலாம். அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று கைரேகை வைக்க வேண்டும். அந்த ஐடி நடப்பில் இருக்க வேண்டும்.

"இவங்க மிஷினை ஒப்படைச்சா?"

"அந்த நிமிஷமே ஐடி மூடிடும் மேடம். அப்புறம் சென்னைதான்."

தாசில்தார் அம்மா மஞ்சப்பையை இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்கங்க. இப்போதைக்கு அவங்களை எழுப்ப இந்த ஊர்ல உங்க ஒருத்தராலதான் முடியும்."

நான் எந்த நம்பரைவிட்டு ஓடப் பார்த்தேனோ, அந்த நம்பரில்தான் எஸ்தருடைய மூச்சு இருந்திருக்கிறது. காத்திருக்காமல் காலையிலேயே எழுத்தரிடம் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்?

வாசலில் மனுவோடு இருபது பேர் காத்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகாமல் தாசில்தார் அம்மா நின்றார். "ஒருத்தங்களுக்கு ஆபரேஷன் நின்னுபோயிருக்கு. நான் போனாத்தான் நடக்கும். சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க முடியுமா?"

கோலூன்றிய ஒரு பெரியவர் எல்லாருக்குமாகச் சொன்னார்: "போயிட்டு வாங்க கண்ணு. நாங்க எங்க போயிரப்போறோம்."

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி தாண்டிவிட்டது. எஸ்தர் நான்கு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கால், முகம் எல்லாம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பல் தெரிந்தது.

"வாங்க்கா. எழவுக்கு வெறுங்கையோட வரலாமுங்களா? மாலை எங்க?"

அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "எஸ்தர், நாந்தான் போட்டது" என்றேன்.

"தெரியுமுங்க்கா. உங்களுக்குப் பட்டை இல்லைன்னு அன்னிக்கு என்கிட்டத்தானே கேட்டீங்க? நேத்து போன்ல பேசும்போதே நெனச்சேன்."

"ஆருகிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா உங்களை வேலையவிட்டு எடுத்துப்போடுவாங்கல்ல? சரி, சீக்கிரம் எழுப்புங்க. செத்துக்கெடந்து இடுப்பு வலிக்குது."

மிஷினைத் திறந்தேன். தாசில்தார் அம்மா பக்கத்தில் நின்று, வருவதைப் படித்துச் சொன்னார். எஸ்தர் முகத்துக்கு நேரே பிடித்தேன். சிமிட்டினாள். வட்டம் சுற்றியது. சிவப்பு. முகம் பொருந்தவில்லை. ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டு மறுபடி பிடித்தேன். சிமிட்டினாள். சிவப்பு.

மூன்றாவதும் தவறினால் மிஷின் பூட்டிக்கொள்ளும். மறுநாள்தான் திறக்கும். சுவரில் மணி நாலே கால். மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொரு தடவை பாக்கலாமாம்மா?" என்று கட்டிலருகே நின்ற நர்ஸ் கேட்டார். தாசில்தார் அம்மா, "வேண்டாம், கொஞ்சம் இருங்க" என்றார். திரையின் அடியில் ஓடிய ஒரு வரியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார்.

"முகத்தை இயல்பா வைக்கணுமாம்."

இயல்பாகத்தானே இருக்கிறாள் என்று பார்த்தேன். வீக்கத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. திரையின் மூலையில் அவளுடைய பழைய படம் சின்னதாக இருந்தது. கணவர் இறந்து உதவித்தொகைக்கு மனுப்போட்டபோது எடுத்தது. அதில் இருப்பது யாரோ மாதிரி இருந்தது. ஏன் என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. அந்தப் படத்தில் அவள் சிரிக்கவில்லை.

கட்டிலில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நுழைந்ததிலிருந்து சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். அவள் இயல்பே அதுதான் என்று நானும் நம்பியிருந்தேன்.

நான் யாரையும் அதட்டிப் பேசியதில்லை. பெற்ற பிள்ளைகளைக்கூட. அன்றைக்கு என் வாயில் வந்தது:

"எஸ்தர், சிரிக்காத."

"நான் எங்கக்கா சிரிக்கறேன்?"

"சிரிக்கறே. எனக்கோசரம் சிரிக்கறே. நான் வருத்தப்படக் கூடாதுன்னு சிரிக்கறே. போதும், நிறுத்து."

அவள் என்னையே பார்த்தாள். கன்னம் மெதுவாக இறங்கியது. உதடு மூடியது. முகத்திலிருந்து ஒன்றொன்றாக எல்லாம் கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அடியில் இருந்தது பயம். வேறொன்றும் இல்லை. நாளைக்கு நெஞ்சைப் பிளக்கப்போகிறார்கள், எழுந்திருப்போமோ மாட்டோமோ என்கிற பயம். மகளுக்குக்கூடக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். மகள் கட்டிலுக்குப் பின்னால் நின்றாள். தாசில்தார் அம்மா மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு நேரே இருந்தது நான் மட்டும்தான்.

மிஷினைத் தூக்கிப் பிடித்தேன். வட்டம் வந்தது.

"கண்ணைச் சிமிட்டு, எஸ்தர்."

ஆஸ்பத்திரி, ஆபீசு, சென்னை, எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்கள், நாளைக்குக் கத்தியைப் பிடிக்கப்போகிற டாக்டர், வாசலில் காத்திருக்கிற இருபது பேர், எல்லாரும் அந்த ஓர் இமை மூடித் திறப்பதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். மூடினாள். கண்ணோரத்தில் இருந்தது வழிந்தது. திறந்தாள்.

வட்டம் பச்சையானது.

தாசில்தார் அம்மா தன் கட்டைவிரலை வைத்தார். நான் என்னுடையதை வைத்தேன். 'பதிவு திரும்பப் பெறப்பட்டது' என்று மிஷின் எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னது. அரை மணி கழித்துக் கீழே காப்பீட்டு மேஜையில் இருந்த பெண் ஓடிவந்து, "அம்மா, வந்துட்டீங்க" என்றாள். அவள் சொன்னது கம்ப்யூட்டரில் பேர் திரும்ப வந்ததை. எனக்கு அப்படிக் கேட்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஆபரேஷன் நடந்தது. எட்டு நாளில் எஸ்தர் வீட்டுக்கு வந்தாள்.

எனக்கு ஒரு மெமோ வந்தது. அரசாங்கம் என் பேருக்கு எழுதிய முதல் கடிதம். பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் செய்தது அதில் சரியாகவே எழுதியிருந்தது. வேலையிலிருந்து எடுக்கவில்லை. பயிற்சி கொடுத்தவருக்கும் ஏதோ கடிதம் போனது என்றார்கள். அவர் அடுத்த கூட்டத்தில் என்னைத் தேடிவந்து, "நீங்க கையத் தூக்கினதை நான் பாத்தேம்மா. முடியைச் சரிபண்றீங்கன்னு நெனச்சுட்டேன்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. இப்போது உங்கள் பழகுகிற திரையில் உள்ள மஞ்சள் பட்டையில் 'பயிற்சி' என்று தமிழில் பெரிதாக எழுதியிருக்கிறது. சாவு போட்டுப் பழக ஒரு கற்பனைப் பேர் வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

அதன்பின் இந்த வேலையில் எட்டு வருஷம் இருந்தேன். முட்டி தேய்ந்துபோய்த்தான் விட்டேன். கடைசி நாள் வரைக்கும், 'உறுதியா?' என்று மிஷின் கேட்கும்போது ஒரு நிமிஷம் கையை எடுத்துவிட்டு எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் அழுத்தினேன். நீங்களும் பாருங்கள். சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள். தூக்கிய கையை இறக்காதீர்கள். பத்துப் பேர் திரும்பிப் பார்க்கட்டும், பெருமூச்சு விடட்டும். தப்பு செய்துவிட்டால் மிஷினைக் கொடுத்துவிட்டு ஓடாதீர்கள். அவிழ்க்கிற முடிச்சு உங்கள் கையிலேயே இருக்கலாம்.

இதை உங்கள் நோட்டில் சேர்ப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் விவரங்களைச் சரிபார்க்க வேண்டும். மூன்று தடவை தவறினால் பூட்டும் என்று எழுதியிருக்கிறேன். இப்போது மாறியிருக்கலாம், மேற்பார்வையாளர் அம்மாவிடம் கேளுங்கள். மணி, கிழமை எல்லாம் எஸ்தருக்குத்தான் சரியாகத் தெரியும். மதுக்கரையில் மகளோடு இருக்கிறாள். போய் இதைப் படித்துக் காட்டுங்கள். சிரிப்பதை நிறுத்தியதும் அவள் முகத்தில் நான் பார்த்ததை இத்தனை வருஷத்தில் அவளிடமும் சொன்னதில்லை, அவள் மகளிடமும் சொன்னதில்லை. அந்த இடம் வரும்போது மகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று எஸ்தர் சொன்னால் அதை மட்டும் அடித்துவிடுங்கள்.